பந்து ரேடியோ

அலங்காரத்துறையில் கோல்கீப்பர் ததேயு உதைத்த பந்து மேலே போய்த் திரும்பி வராமல் இருந்துவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மைக்கைப் பிடித்திருந்தவள் பிரகாசி. மைக் செட் அவளுடைய அப்பாவுடையது. கொடியேற்றம், கல்யாணம், புதுநன்மை என்று ஊரில் எது நடந்தாலும் அவரே ஒலிபெருக்கிக் குழாய் கட்டி அவரே பேசுவார். அன்றைக்கு இடைவேளையோடு அவருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. "இனிமே நீ சொல்லும்மா, கண்ணால பாக்குறத வாயால சொன்னாப் போதும்" என்று மைக்கை மகள் கையில் கொடுத்துவிட்டுச் சுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார். பிரகாசிக்கு அப்போது வயது இருபத்திநாலு.

அது பாஸ்கா கோப்பை இறுதியாட்டம். மேலத்தெருவின் வலம்புரி அணிக்கும் கீழத்தெருவின் கடல்விண்மீன் அணிக்கும் நடந்தது. வருடா வருடம் நடக்கிற ஆட்டம்தான் என்றாலும் அந்த வருடம் கோப்பையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடற்கரையில் மீன் ஏலக்கொட்டகை எந்தத் தெருவுக்கு என்ற சண்டையில் மூன்று வருடமாக மண்டைகள் உடைந்து, வலைகள் அறுபட்டு, ஒரு வள்ளம் எரிந்து, கடைசியில் பங்குச்சாமி முன்னால் இரண்டு தெருப் பெரியவர்களும் உட்கார்ந்து, கோப்பை எந்தத் தெருவுக்கோ கொட்டகையும் அந்தத் தெருவுக்கு என்று ஒப்புக்கொண்டு எழுந்திருந்தார்கள். ஒப்புக்கொண்டார்களே தவிர, தோற்றால் சும்மா வீட்டுக்குப் போவதாக யாரும் நினைக்கவில்லை. மைக் வைத்திருந்த மேசை கோயில் மதிலை ஒட்டி உயரத்தில் இருந்ததால் கீழே நிற்பவர்களுக்குத் தெரியாதது பிரகாசிக்குத் தெரிந்தது. மேற்கே கோல்கம்பத்துக்குப் பின்னால் குவித்திருந்த வலைகளுக்கு அடியில் அரிவாள்கள் இருந்தன. கிழக்கே ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலும் இருந்தன. வலம்புரிக்காக ஆடிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி ரோமால்டு அந்த வலைக்குவியலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்ததையும் அவள் பார்த்தாள்.

ஒன்றுக்கு ஒன்று. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம் இருக்கையில் பந்து கீழத்தெரு கோல்கீப்பர் ததேயுவிடம் போனது. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. "ததேயு உதைக்கிறார், பந்து மேலே போகிறது" என்றாள் பிரகாசி. போகிறது, இன்னும் போகிறது, பனைமரத்துக்கு மேலே போகிறது, கோயில் கோபுரத்துச் சிலுவைக்கு மேலே போகிறது, கொக்குக் கூட்டத்துக்கு மேலே போகிறது என்று மூச்சு விடாமல் அவள் சொல்லிக்கொண்டே இருக்க, இரண்டு தெரு ஜனமும் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்க்க, பந்து ஒரு புன்னைக்காய் அளவாகி, ஒரு மிளகு அளவாகி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது.

நடுவர் அருளப்பன் தபாலாபீஸில் வேலை பார்ப்பவர், எதையும் விதிப்படி செய்கிறவர். அவர் கைக்கடிகாரத்தை நிறுத்தினார். "நாற்பது வினாடி பாக்கி இருக்கு" என்றார். "பந்து ஆட்டத்துலதான் இருக்கு. கோட்டுக்கு வெளிய போனதா நான் பாக்கல. அது இறங்குற வரைக்கும் நான் விசில் ஊத மாட்டேன்."

பொழுது சாயும் வரை எல்லாரும் நின்றார்கள். அரிவாளை எடுக்க வேண்டுமென்றால் யாராவது தோற்றிருக்க வேண்டும், யாரும் தோற்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் வலைகளோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள், விருந்துக்கு வந்து இலை போடாமலே திரும்புகிறவர்களைப் போல.

மறுநாள் நாலு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இல்லாமல் எப்படி? இருபத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். ததேயு கோல்கம்பத்துக்கு நடுவில் நின்றான். நாலிலிருந்து ஆறு வரை நின்றுவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். கடலுக்குப் போய் வந்து கஞ்சி குடித்து, கொஞ்சம் கண்ணசந்து, சட்டையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவது என்பது குளிப்பது மாதிரி, செபமாலை சொல்வது மாதிரி ஊரின் வழக்கமாயிற்று. கொட்டகை விஷயம் பந்து இறங்குகிற வரைக்கும் என்று சொல்லி, திங்கள் புதன் வெள்ளி மேலத்தெருவுக்கும் செவ்வாய் வியாழன் சனி கீழத்தெருவுக்கும் ஒதுக்கப்பட்டது. ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், மேலே எறிந்த பொருள் கீழே விழும் என்று எழுதிப்போட்டுவிட்டு, நம்ம ஊர்ப் பந்தைத் தவிர என்று பக்கத்தில் எழுதினார். அந்த வருடம் பிறந்த பிள்ளைகளைப் பந்து போன வருடத்துப் பிள்ளைகள் என்றார்கள். மைதானத்தில் கருவாடு காயப்போடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள், எப்போது எங்கே விழும் என்று யார் கண்டது?

பிரகாசி தினமும் நாலு மணிக்குக் குழாயில் சொன்னாள்: "நேயர்களே, பந்து இன்னும் இறங்கவில்லை." அவ்வளவுதான் செய்தி. ஆனால் அவ்வளவோடு நிற்குமா? பந்து இறங்கினால் யாருக்குச் சாதகம், காற்று எந்தப் பக்கம், வலம்புரியின் இடதுபக்க ஆள் கோட்டுக்கு உள்ளே நிற்கிறானா வெளியே நிற்கிறானா என்று கேட்க ஆளுக்கு ஒன்று இருந்தது. மைதான வாசலில் ஒரு பால்பவுடர் டப்பாவைத் தொங்கவிட்டாள் பிரகாசி. ஜனங்கள் சீட்டெழுதிப் போட்டார்கள். அவள் எடுத்து வாசித்தாள். கீழத்தெரு சந்தியாகு மாமா சீட்டுப் போட்டால் அதில் மேலத்தெருக்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார். பிரகாசி அந்த வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வாசிப்பாள். மிச்சத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "சந்தியாகு மாமா எழுதியிருக்கிறார்: 'மேலத்தெருக்காரர்கள்.' அவ்வளவுதான்" என்று அவள் வாசித்தபோது ஊரே சிரித்தது. அடுத்த தடவை அவர் விதியைப் படித்துவிட்டு எழுதினார். அருளப்பன் சாரிடம் இருந்த கால்பந்து விதிப் புத்தகம் வீடு வீடாகப் போய், அட்டை போய், நூல் பிரிந்து, மீன் உலர்த்தும் பெண்கள் வரைக்கும் பதினேழு விதிகளையும் மனப்பாடமாகச் சொல்லும்படி ஆயிற்று.

ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குக் குழாயை அணைத்துவிட்டு பிரகாசி ததேயுவுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். முதலில் அது தண்ணீர் மட்டும்தான். ஆறு மாதம் கழித்து அதைக் குடித்து முடிக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மேலத்தெருப் பெண், கீழத்தெருப் பையன். அதற்கு முன்னால் என்றால் வெட்டிப் போட்டிருப்பார்கள். இப்போது யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜெயித்த தெரு, தோற்ற தெரு என்று இருந்தால் பெண்ணைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லலாம். சமநிலையில் இருக்கும்போது என்ன சொல்ல? ரோமால்டு நாலு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். ஐந்தாம் நாள் வந்து, "அவன் கோல்கம்பத்த விட்டு வரமாட்டான், நீ அங்க போய்த்தான் தாலி கட்டிக்கிடணும்" என்றான். அப்படியே நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, கோல்கம்பத்துக்கு நடுவில் வைத்து, ஒரு கண் வானத்தில் இருக்க ததேயு தாலி கட்டினான். அதற்குப் பிறகு தெருக்கள் இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. ரோமால்டே கீழத்தெருவில்தான் பெண் கட்டினான். இரண்டு தெருவுக்கும் பிறந்த பிள்ளைகள் எந்த அணியில் சேர்வது என்று பிரச்சினை வந்தபோது, பிரகாசியின் குழாய் முன்னால் பூவா தலையா போட்டார்கள். ரோமால்டின் மகள் ஷெர்லின் கீழத்தெருவுக்கு விழுந்தாள். வயதானவர்கள் விலகி, இளையவர்கள் மாற்று ஆட்களாக இறங்கினார்கள். ஆண்கள் தூரக் கடலுக்குப் போயிருந்த நாட்களில் பெண்கள் இறங்கினார்கள். கூடாது என்று விதிப் புத்தகத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று சீட்டெழுதிக் கேட்டபோது, மிச்சமிருந்த பக்கங்களில் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ததேயு மட்டும் மாறவில்லை. "உதைச்சது நான். இறங்குறப்ப நான் இல்லன்னா நல்லாருக்காது" என்றான்.

குழாயின் சத்தம் கடலுக்குள் எட்டாது. மீன்பிடிக்கப் போனவர்கள் என்ன ஆயிற்றோ என்று அரைமனதாக வலை போட்டார்கள். மீனவர் சங்கத்தின் பேரில் சிறிய வானொலிக்கு விண்ணப்பம் போடலாம் என்று பங்குச்சாமி சொன்னார். விண்ணப்பத்தில் நோக்கம் என்று இருந்த இடத்தில் பிரகாசி, 'நடந்துகொண்டிருக்கும் ஒரு கால்பந்து ஆட்டத்தின் நேரடி வர்ணனை' என்று எழுதினாள். மூன்று வருடம் கழித்து அனுமதி வந்தது. கோயில் வளாகத்தில் ஒரு அறை, சுவரில் முட்டை அட்டை, மேலே ஒரு கம்பி, கீழே ஒரு போன். கரைக்குரல் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பந்து ரேடியோ என்றுதான் சொன்னார்கள். நாலு மணியானால் கடலில் நிற்கிற எல்லாப் படகுகளிலும் பிரகாசியின் குரல் கேட்டது: "நேயர்களே, பந்து இன்னும் இறங்கவில்லை. அழைப்புகளை எடுக்கலாம்."

ஒருநாள் நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மணலில் ஷூ புதையப் புதைய நடந்து வந்து வியர்வையைத் துடைத்தார்.

"ஏம்மா, ஒன்பது வருஷமா தினமும் இதையே சொல்றீங்களாமே. உண்மை இல்லாததை ஒலிபரப்புறதா புகார் வந்திருக்கு."

"இறங்கிட்டுதுன்னு சொன்னாத்தான சார் பொய்?" என்றாள் பிரகாசி. "இறங்கலன்னுதான சொல்லுதோம்."

அவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கழுத்துப் பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்தவர், ஆறு மணி வரை அழைப்புகளைக் கேட்டார். ஐந்தே முக்காலுக்கு அவரால் பொறுக்க முடியவில்லை. மைக்கை இழுத்து, "அந்தத் த்ரோ இன் விஷயத்துல முன்னாடி பேசினவர் சொன்னது தப்புங்க" என்று ஆரம்பித்தார். அவருடைய அறிக்கையில், நிகழ்ச்சிகள் உண்மைக்கு மாறானவை அல்ல என்று எழுதியிருந்தது.

இப்படி இருபத்திரண்டு வருடம் போயிற்று. அருளப்பன் சார் காலமாகி, நிறுத்திய கடிகாரமும் ஊதாத விசிலும் அவர் மகள் ரீத்தாவிடம் வந்தன. பிரகாசியின் தலை பாதி நரைத்தது. அப்போதுதான் அரசாங்கத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பழைய கொட்டகை இருந்த இடத்தில் குளிர்ப்பதன அறையோடு புதிய ஏலக்கூடம் கட்டப்போவதாகவும், அதை நடத்தப்போவது எந்தத் தெருச் சங்கம் என்று ஒரு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்றும், தவறினால் கூடம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றும் அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு இருந்தது. ஒரே ஒரு கோடு.

அந்த வாரம் அழைப்புகளின் குரல் மாறியது. த்ரோ இன் பற்றி யாரும் பேசவில்லை. "எங்களுக்குத்தான் வரணும்" என்று ஒருவர் சொல்ல, "வந்து பாரு" என்று இன்னொருவர் சொல்லி போனை வைத்தார். பிரகாசி அந்தச் சொல்லை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டதில்லை. மறுநாள் ஷெர்லின் கூப்பிட்டாள். "அத்த, ஒண்ணு கேக்கணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா பந்து இறங்கிரும்னு எங்கப்பா சொல்லுதாவ. நெசமா?"

"அடுத்த அழைப்புக்குப் போவோம்" என்றாள் பிரகாசி.

ஆறு மணிக்குச் செம்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். ததேயு கம்பத்தில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

"நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைக்கேன்" என்றாள்.

"எத?"

"பந்த."

அவன் சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்தான்.

"அன்னைக்கு வலைக்கு அடியில அரிவாள் கெடந்துது. ரோமால்டு ரெண்டு தடவ திரும்பிப் பாத்தான். பந்து எறங்குனா ஆட்டம் முடியும், ஆட்டம் முடிஞ்சா ஆளு விழும்னு பயந்துட்டேன். அதான் போகுது போகுதுன்னே சொன்னேன். எறங்குதுன்னு இன்னைய வரைக்கும் என் வாயால சொல்லல."

"எனக்குத் தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"அன்னையில இருந்தே. என் காலுக்கு அம்புட்டு பலம் கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா?" அவன் செம்பைக் கீழே வைத்தான். "முட்டு தாங்கல பிரகாசி. எறக்கிரு."

"எறங்குனா ஒரு தெரு தோக்குமே. அப்புறம்?"

"அப்புறம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. அதத் தெரிஞ்சுக்கிடாமலே நான் சாவணுமா?"

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. அவள் அவனுடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அது பனங்காய் மாதிரி வீங்கி, சூடாக இருந்தது. இத்தனை வருடம் ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த தான் இந்த ஒரு காலைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. நாலு மணிக்கு அறைக் கதவைச் சாத்தி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். நேயர்களே என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. படகுகளில் இருந்தவர்கள் ரேடியோ கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் சொன்னாள்:

"பந்து இறங்குகிறது."

போன் ஒலிக்கவே இல்லை. வெளியே கதவுகள் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். கால் மணி நேரம் கழித்து முதல் அழைப்பாக அறிவியல் டீச்சர் வந்து, மேலே போக எவ்வளவு நேரமோ கீழே வரவும் அவ்வளவு நேரம் ஆகும் என்று பயத்தோடு சொன்னார். "அப்படின்னா இன்னும் இருபத்திரண்டு வருசமா?" என்று ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காகங்கள் மைதானத்து மேலே பறக்காமல் சுற்றிப் போயின. சனிக்கிழமை வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் மேலே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேற்கே வலைக்குவியல் பக்கமும் கிழக்கே ஐஸ் பெட்டிகள் பக்கமும் பிரகாசி மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததே பயமாக இருந்தது. அவள் மைக்கையும் போனையும் மதிலோரம் கொண்டுவந்து, குழாய் கட்டி, பழைய இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். மேலத்தெருக் காவல்வரிசையில் நாற்பத்திரண்டு வயது ரோமால்டு தொப்பையோடு நின்றான். அவனுக்கு ரெண்டடி தள்ளி, கீழத்தெருச் சட்டையில் பத்தொன்பது வயது ஷெர்லின் நின்றாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

நாலே காலுக்குப் பந்து வந்தது. மிளகு அளவாக, புன்னைக்காய் அளவாக, கோபுரத்துச் சிலுவைக்குப் பக்கத்தில் பந்து அளவாகவே வந்தது. "இறங்குகிறது, இறங்குகிறது, இறங்குகிறது" என்று பிரகாசி மூச்சு விடாமல் சொன்னாள். தோல் உரிந்து, கருத்து, வெண்பனி பூத்து வந்த பந்தை ஷெர்லின் நெஞ்சில் வாங்கினாள். அது அவளைச் சுட்டது, ஐஸைவிடக் குளிர்ச்சியாக இருந்தது என்று பிறகு சொன்னாள். ரீத்தா கடிகாரத்தை ஓடவிட்டாள். நாற்பது, முப்பத்தொன்பது. ரோமால்டு மகளை நோக்கித் திரும்பினான். வழுக்கினான். அவள் வலதுபக்கம் நகர்ந்து உதைத்தாள். பந்து மேலத்தெருக் கோல்கீப்பரின் விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. மேலத்தெரு பந்தை நடுவில் வைத்து ஆரம்பித்து ரெண்டு உதை உதைப்பதற்குள் ரீத்தா விசிலை வாயில் வைத்தாள். அவளுடைய அப்பா ஊதாமல் வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து வந்த மாதிரி அது நீண்டுகொண்டே போனது.

"ஆட்டம் முடிந்தது" என்றாள் பிரகாசி. "கீழத்தெரு இரண்டு, மேலத்தெரு ஒன்று. மேலத்தெரு தோற்றது."

ததேயு கோல்கம்பத்திலிருந்து வெளியே வந்து, கோட்டைத் தாண்டி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான். ரோமால்டு எழுந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. இடுப்புக்குக் கை போனது. பிரகாசி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தான். மேசைமேல் இருந்த ரேடியோ போன் அலறியது.

"பந்து ரேடியோ" என்றாள், பழக்கத்தில்.

"அக்கா, ஆஃப்சைடு!" என்று முப்பது கெஜத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ரோமால்டு போனில் கத்தினான். "நான் முன்னாடி ஏறிட்டேன். எம்மவ எனக்குப் பின்னால நின்னா. சுத்தமான ஆஃப்சைடு!"

அவ்வளவுதான், மைதானம் முழுக்கப் போன்கள் வெளியே வந்தன. ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில் நின்றுகொண்டே வரிசையாகக் கூப்பிட்டார்கள். கோல் கிக்கிலிருந்து வந்த பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, பதினோராம் விதியைப் பாருங்கள் என்றாள் மீன் உலர்த்துகிற ஒருத்தி. அது கோல் கிக்கே இல்லை, ததேயு கையில் பிடித்து வைத்திருந்து உதைத்தது, அதற்கு ஆஃப்சைடு உண்டு என்றார் இன்னொருவர். ததேயுவைக் கேட்டார்கள். "இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால என்ன செஞ்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன், முழங்காலை நீவிக்கொண்டே. கடைசியில் எல்லாரும் மதில்பக்கம் திரும்பினார்கள். "அக்கா, அன்னைக்கு மைக்குல நீங்கதான இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. தரையில வச்சு உதைச்சானா, கையில இருந்து உதைச்சானா?"

பிரகாசி யோசித்துப் பார்த்தாள். தொப்பென்ற சத்தம் ஞாபகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. "நான் பாக்கல" என்றாள் மைக்கில். "அந்த நேரம் வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஊர் ஓவென்று இரைந்தது. அதற்கு மேல் அந்த வழக்கு என்றைக்கும் தீராது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில் கீழத்தெரு சந்தியாகு மாமாவின் அழைப்பு வந்தது. எண்பது வயது. மூச்சு வாங்கியது.

"ஜெயிச்சது நாங்க. கொட்டகை எங்களுக்கு" என்றார்.

எல்லாரும் காதிலிருந்த போனை இறக்கினார்கள்.

"ஆனா நாளைக்குத் திங்கக்கெழம. மேலத்தெரு மொற. அது பாட்டுக்கு நடக்கட்டும். அந்தக் கடுதாசியில ஒரு கோடுதான் போட்டிருக்கான். ரெண்டு பேரும் நுணுக்கி எழுதுனா எடம் பத்தும். அத விடு. எவனாவது இன்னொரு தடவ ஆஃப்சைடுன்னு சொன்னான்னா…" என்று ஆரம்பித்து, பழைய நாட்களில் சீட்டில் எழுதிய அதே வார்த்தைகளைச் சொல்ல, பிரகாசி அவசரமாக அடுத்த அழைப்புக்குப் போனாள்.

ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. முதல் தடவையாக நிகழ்ச்சி நேரம் தாண்டி ஓடியது. யாரோ ததேயுவை நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ரோமால்டும் சந்தியாகு மாமாவின் மகனும் ஒரு குச்சியை வைத்து மணலில் யார் எங்கே நின்றார் என்று வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை கட்டிப்போய், இனி நாளைக்கு நாலு மணிக்கு உட்கார்ந்து என்ன சொல்வது என்று பிரகாசி யோசித்துக்கொண்டிருந்தபோது போன் இன்னொரு தடவை அடித்தது. ஷெர்லின்.

"அத்த, அடுத்த மேட்ச் எப்போ?"

அப்படி ஒன்று இருக்கலாம் என்று இருபத்திரண்டு வருடமாக ஊரில் யாரும் நினைத்ததில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்தார்கள்.

"வர்ற ஞாயித்துக்கெழம" என்றாள் பிரகாசி. "நாலு மணிக்கு."

"சரி அத்த. ஆனா ஒரு சந்தேகம். சின்னப்பிள்ளைல இருந்து மேட்சுக்குள்ளதான் நிக்கேன். ஆரம்பத்துல இருந்து ஒரு மேட்ச் எப்படித் தொடங்கும்? நான் பாத்ததே இல்ல."

பிரகாசி மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல ஏட்டி" என்றாள். "மொதல்ல பந்தத் தரையில வைப்பாங்க."